சரக்கு இறங்கியது, சாக்கு மிச்சம்: 55 கிலோ குறைந்த ஒருவரின் தளர்ந்த தோல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் என்னிடம் 2010 முதல் சிகிச்சைக்கு வருபவர். அவரும் அவர் மனைவியும் படித்துப் பார்த்து, "போடுங்க, நாலு பேருக்கு ஆகட்டும்" என்ற பிறகே வெளியிடுகிறேன். ஆள் தெரியாமல் இருக்க ஊர், தொழில், குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எடையும் பரிசோதனை எண்களும் என் குறிப்பேட்டில் உள்ளபடியே.

பின்னணி

காரைக்குடியில் மொத்த மளிகை வியாபாரம் செய்பவர், நகரத்தார். பூர்வீக வீடு பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. முகப்பு, பட்டாலை என்கிற கூடம், வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் உள்ள பழைய வீடு. கணவனும் மனைவியும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். மகன் குடும்பம் சென்னையில். பேரன் விடுமுறைக்கு வருவான்.

2021 முடிவில் அவருடைய எடை 134 கிலோ. உயரம் 170 செ.மீ., பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 46. சர்க்கரை நோய் வந்து 11 வருடம். நான்கு வகை மாத்திரை போட்டும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4-க்குக் கீழே இறங்கவில்லை. தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்ததால் இரவில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி. முழங்கால் வலி காரணமாகக் காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவுதான் எழுவார். கடையில் மூட்டைகளுக்கு நடுவே ஆள் போகும் வழி குறுகல். அதில் அவர் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நுழைவார். இதை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எடைக் குறைப்பு அறுவைக்கு மதுரைக்கு அனுப்பியது நான்தான். 2022 ஜனவரியில் ஸ்லீவ் அறுவை நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய்போல் ஆக்கிவிடுவார்கள். பிஎம்ஐ 40-ஐத் தாண்டியிருந்ததால் காப்பீடும் பணம் கொடுத்தது. அப்போது அவருக்கு 57 வயது.

அதன் பிறகு எண்கள் எல்லாம் எனக்குப் பிடித்த திசையில் போயின. 6 மாதத்தில் 104 கிலோ, ஒரு வருடத்தில் 88, 2023 ஜூலையில் 79. எச்பிஏ1சி 6.0. சிபாப் கருவி பெட்டிக்குள் போய்விட்டது. மாடிப்படி ஏறினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தபோதெல்லாம் அவர் நோட்டில் "மிக நன்று" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பள்ளிக்கூட வாத்தியார் தோற்றார், போங்கள். மற்ற நோயாளிகளிடம் பெயர் சொல்லாமல் அவர் கதையைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அந்த ஒன்றரை வருடத்தில் ஒருமுறைகூட அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. இரத்த அழுத்தப் பட்டையை முழுக்கைச் சட்டைமேலேயே சுற்றினேன். ஸ்டெதஸ்கோப்பைப் பொத்தான் இடுக்கில் நுழைத்தேன். நான் பெண், அவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஆண் என்ற கூச்சம் ஒரு காரணமாக இருக்கலாம். எண்கள் சரியாக இருந்ததால் பார்க்கத் தோன்றவில்லை என்பதே பெரிய காரணம்.

2023 அக்டோபர்: வந்த காரணமும் கண்டதும்

முறை வருவதற்கு முன்பே, தனியாக வந்தார். "ஒண்ணுமில்ல டாக்டரம்மா, படை மருந்து ஒண்ணு எழுதிக் குடுங்க, போதும்." சட்டைப்பையிலிருந்து பிதுக்கிச் சுருட்டிய டியூப் ஒன்றை எடுத்து வைத்தார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு. ஐந்து மாதமாகப் போடுகிறார். போட்டால் இரண்டு நாளில் எரிச்சல் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

எடை 83 காட்டியது. மூன்று மாதத்தில் 4 கிலோ ஏற்றம். அதை அப்புறம் கேட்கலாம் என்று திரைக்குப் பின்னால் படுக்கச் சொன்னேன். சட்டை, அதற்குள் பனியன், அதற்குள் இன்னொரு இறுக்கமான பனியன். வேட்டிக்கு மேல் வயிற்றைச் சுற்றி ஒரு துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கத்திரி வெயிலிலும் இப்படித்தான் இருந்தாராம்.

துண்டை அவிழ்த்ததும் வயிற்றுத் தோல் தொடையின் மேல்பகுதி வரை இறங்கி விழுந்தது. அதை அவர் இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிப் பிடித்தார். பழகிப்போன செய்கை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மடிப்புக்குள் இரு பக்க இடுப்பு வரை சிவந்து, ஈரமாகக் கசிந்து, நடுவில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கடுகு தெறித்ததுபோல் சிறு கொப்புளங்கள்: கேண்டிடா பூஞ்சையின் கையெழுத்து அது. ஸ்டீராய்டு போட்ட இடத்தில் தோல் மெலிந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன. வாடை இருந்தது. நான் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று கவனமாக இருந்தேன். அவர் என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்பிலும் தோல் இரண்டு பக்கமும் தொங்கியது. மேல்கை, உள்தொடை எல்லாம் அப்படியே.

"சரக்கு இறங்கிருச்சு டாக்டரம்மா. சாக்கு அப்படியே கெடக்கு."

மளிகைக்காரர் சொல்ல வேறு எந்த வார்த்தையும் இதற்கு இணையாகாது. மருத்துவப்படியும் அது சரி. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனும் இழுத்தால் சுருங்கவைக்கும் எலாஸ்டின் இழைகளும் இருபது வருடம் இழுபட்டே கிடந்து நைந்துபோயிருந்தன. வயது 59. குறைந்த எடை 50 கிலோவுக்கு மேல். இந்த அளவில் தோல் தானாக உள்ளே சுருங்க வழியில்லை.

எடை ஏன் ஏறியது என்று கேட்டேன். சிறிது நேரம் கழித்துத்தான் சொன்னார். கொஞ்சம் சதை பிடித்தால் தோல் நிரம்பிவிடும் என்று ஜூலைக்குப் பிறகு வேண்டுமென்றே சாப்பிட்டிருக்கிறார். இரைப்பை சிறிது என்பதால் சோறு இறங்காது. தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை என்று கொறிக்கும் பண்டங்களும் பாலில் கரைத்த பவுடர்களும் இறங்கும். ஏறிய எடை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று நாம் சொல்லிவிட முடியாது. தோல் தொங்கல் அப்படியே இருந்தது. இதற்கு நடுவே தோலை இறுக்கும் என்று விளம்பரத்தில் வந்த எண்ணெய்க்கு 14,000 ரூபாய் செலவழித்திருந்தார்.

எதையெல்லாம் நிறுத்திவிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு தோட்டத்துப் பம்ப்செட்டில் குளிப்பது நின்றுவிட்டது. கோயிலில் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போவது அவர் வழக்கம். கோபுர வாசலோடு திரும்பத் தொடங்கியிருந்தார். பேரனைத் தூக்குவதில்லை. இரவில் பட்டாலையில் தனியாகப் படுக்கிறார்.

ஊர்க்காரர்கள் பேச்சு வேறு. பருமனாக இருந்த காலத்தில் அவர் உடம்பைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை, அது செல்வாக்கு. இளைத்த பிறகோ, பார்க்கிறவரெல்லாம் "ஆளே பாதியாப் போயிட்டீகளே, என்ன செய்யுது?" என்று கேட்டார்கள். சுகர் உருக்கிவிட்டது என்றார்கள், சிலர் குரலைத் தாழ்த்திப் புற்றுநோய் என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்விகளை வாய்மொழியாகக் கேட்டேன். 11 வந்தது, நடுத்தர அளவு மனச்சோர்வு. உயிரை விட்டுவிடும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார். "பழையபடி குண்டாவே இருந்துருக்கலாம்னு தோணும், அம்புட்டுதான்."

எழுந்து போகும்போதுதான் உண்மையான காரணத்தைச் சொன்னார். குரோதி வருடம் ஆனியில் பிறந்தவர். அறுபது வருடச் சுற்று முடிந்து 2024-இல் குரோதி மறுபடி வருகிறது. ஆனியில் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். பூர்வீக வீட்டு வளவில் ஊரையும் உறவையும் கூட்டி வைத்து, வெற்று மார்போடு மணையில் உட்கார வேண்டும். தலையில் கும்பத் தண்ணீர் ஊற்றுவார்கள். "நனைஞ்ச வேட்டியோட, இந்த ஒடம்போட, அத்தனை பேர் முன்னாடி. நான் வேண்டாம்னுட்டேன். வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாக."

ஆச்சி தனியே வந்த நாள்

அடுத்த வாரம் அவர் மனைவி, நான் ஆச்சி என்று கூப்பிடுபவர், வந்தார். மூட்டு வலி என்று சீட்டுப் போட்டிருந்தார். உட்கார்ந்ததும் வலியைப் பற்றிப் பேசவில்லை.

"இவுக எளைச்சதுல இருந்து பட்டாலையிலதான் படுக்கிறாக. மொத அந்த மிஷின் சத்தம்னாக. இப்ப மிஷினும் இல்ல. ஆளு அழகாயிட்டாக, என்னய இனிமே புடிக்கல போலன்னு இருந்துட்டேன்."

அவர் ஏன் ஒதுங்குகிறார் என்பது எனக்குத் தெரியும். சொல்லும் உரிமை எனக்கில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க ஆச்சி, ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு இது சரியா என்று யோசித்தேன். அந்த அம்மா இன்னும் பத்து நாள் தவறான நினைப்போடு இருந்திருப்பார். வேறு வழி இருந்ததாக இப்போதும் படவில்லை.

சேர்ந்து வந்தபோது, மருந்து தடவ உதவிக்கு ஆள் வேண்டும் என்று காரணம் சொல்லி, அவர் சம்மதத்துடன் ஆச்சியைத் திரைக்குள் அழைத்தேன். ஆச்சி மடிப்பைப் பார்த்தார். "இம்புட்டுப் புண்ணை வச்சுக்கிட்டா இருந்தீக" என்றார். அதற்குமேல் அன்று இருவரும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் புண். மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன் எரிச்சலும் வாடையும் போயாக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கலப்புக் களிம்பை நிறுத்தினேன். முதல் வாரம் சிவப்பு கூடும், பயந்து திரும்பப் போட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னேன். க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து மட்டும் இரண்டு வேளை, நான்கு வாரம். குளித்ததும் ஒத்தித் துடைத்து, மடிப்பைத் தூக்கிப் பிடித்து மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம். பிறகு நைந்த பழைய மல் வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து மடிப்புக்குள் வைப்பது, நனைந்தால் மாற்றுவது. பவுடர் கொட்டுவதை நிறுத்தச் சொன்னேன்; வியர்வையில் கட்டிபட்டு அதுவே உரசும்.

மருந்துச் சீட்டைத் திரும்பப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தரங்கப் பகுதியில் பூஞ்சைத் தொற்றைக் கூட்டக்கூடிய மருந்து அது. எச்பிஏ1சி 6.0 வந்துவிட்டவருக்கு, இதயத் தளர்ச்சியோ சிறுநீரகப் பழுதோ இல்லாதபோது, அதைத் தொடர ஒரு காரணமும் இல்லை. எழுதியவளே நான்தான். நிறுத்தினேன். மெட்ஃபார்மின் மட்டும் போதுமாக இருந்தது.

சாப்பாடு. காலை இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, இரவு ஒரு தோசை, நடுவில் பண்டம். கணக்குப் போட்டால் புரதம் 35 கிராம்கூடத் தேறவில்லை. ஹீமோகுளோபின் 10.8, பி12 குறைவு. ஸ்லீவுக்குப் பிறகு அமிலச் சுரப்பு குறைவதால் இரும்புச்சத்தும் பி12-ம் சரியாகச் சேராது. மாத்திரையை அவர் எட்டு மாதம் முன்பே விட்டிருந்தார். பி12 ஊசி, நரம்பு வழி இரும்புச்சத்து, ஒரு நாளைக்கு 70 கிராம் புரதம் என்று முடிவாயிற்று: காலையில் இரண்டு முட்டை, மதியம் முதலில் மீன், பிறகுதான் சோறு, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு தயிர். இதனால் தோல் சுருங்காது என்பதையும் சேர்த்தே சொன்னேன். தசை தேயாமல் இருக்கவும், பிற்பாடு கத்தி வைத்தால் காயம் ஆறவும் இது தேவை. கைக்கும் தொடைக்கும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள், கடையிலேயே ஐந்து கிலோ பொட்டலத்தை வைத்துக்கொண்டு.

பிறகு பொய் நம்பிக்கைகளை எடுத்துவிடுவது. எண்ணெய், களிம்பு, மசாஜ் எதுவும் இந்தத் தோலை உள்ளே இழுக்காது. வெப்ப அலை மூலம் இறுக்கும் சிகிச்சைக்கு ஓர் அழகு நிலையம் பத்து அமர்வுப் பொதியாக விலை சொல்லியிருந்தது; லேசான தளர்வுக்கு ஏதோ பலன் இருக்கலாம், தொடையில் விழும் தோலுக்கு இல்லை. மீதி இருப்பது அறுவை ஒன்றுதான்.

டிசம்பரில் மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தார்கள். அவர் வெளிப்படையாகப் பேசினார். தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுக்கலாம். இடுப்பிலிருந்து இடுப்பு வரை தழும்பு நிற்கும். மார்பையும் சேர்த்து ஒரே நேரத்தில் செய்ய மாட்டேன், இந்த வயதில் அறுவை நேரம் நீள நீள ஆபத்து. எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்ட வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையை விட வேண்டும். சிகரெட் இல்லையே என்றாராம் இவர். புகையிலையை மென்றாலும் நிக்கோடின் இரத்தத்தில் ஏறத்தான் செய்யும், தோலுக்குப் போகும் நுண்குழாய்களைச் சுருக்கத்தான் செய்யும், தையல் விட்டுப்போகும்.

எல்லாம் கூடி வந்தாலும் மே மாதத்துக்கு முன் அறுவை இல்லை. ஆனி அதற்கு அடுத்தே. அவர் மே மாதமே செய்துவிடலாம் என்று துடித்தார். ஆச்சி அசையவில்லை. "அறுபது ஒரு கண்டம். அது தாண்டுறதுக்கு முன்னாடி வேணும்னே ஒடம்புல கத்தி வைக்கிறதா?" கண்டம் கழியத்தானே சாந்தியே செய்வது, அதற்கு முன் எப்படி என்பது அவர் வாதம். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் எடை அப்போதுதான் கீழே திரும்பியிருந்தது, இரத்தம் போதவில்லை, அறுவைக்குப் பின் நீர் வடிய வைக்கும் வடிகுழாயோடு ஒருவர் மணையில் உட்கார முடியாது. வேறு வழியாக வந்து நானும் ஆச்சி சொன்ன இடத்திலேயே நின்றேன். அறுவை தீபாவளி வியாபாரத்துக்குப் பிறகு என்று முடிவானது. அதாவது, இருக்கிற உடம்போடுதான் சாந்தி.

ஆனி வரை

புண் ஐந்து வாரத்தில் ஆறியது. அதற்கே அவர் முகம் மாறியது. மடிப்பில் வேட்டி உரசுவதைத் தடுக்க, ஊர்த் தையல்காரரிடம் சொல்லி மெல்லிய பருத்தியில் ஒரு வயிற்றுப் பட்டி தைத்தோம். கடையில் விற்கும் இறுக்குப் பட்டி நைலான். இந்த வெயிலில் மறுபடி புண் வரும். தையல்காரர் முதலில் தைத்தது கீழ்நோக்கி வழுகியது. இரண்டாவது முறை, தொங்கலைத் தூக்கி ஏந்துகிற மாதிரி கீழ்ப்பக்கம் அரைவட்டமாக வெட்டி, பின்னால் மூன்று நாடா வைத்தார். மொத்தம் 180 ரூபாய். அந்த வருடம் அவருக்காக நான் செய்தவற்றில் மிகவும் உதவியது எது என்று கேட்டால் அவர் இதைத்தான் சொல்வார்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். ஒருமுறை போனார். "கிறுக்குப் புடிச்சிருச்சும்பாக" என்று விட்டுவிட்டார். அந்த ஒரு அமர்வில் சொல்லிக் கொடுத்த படிப்படியான பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். முதல் படி: குளித்துவிட்டு, பனியன் போடாமல், வளவைக் கடந்து அறைக்கு நடப்பது. வீட்டில் ஆச்சியும் வேலைக்கார அம்மாவும் மட்டும். இரண்டு வாரம் அதே. பிறகு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஆச்சி முதுகுக்குத் தேய்க்க.

பொங்கல் விடுமுறையில் ஒரு சறுக்கல். ஆறு வயதுப் பேரன் எண்ணெய்க் கையோடு வந்து, வயிற்றுத் தோலைப் பிடித்து இழுத்து, "ஐயா, உங்க வயிறு துணி மாதிரி இருக்கு" என்றான். பையன் கேலி செய்யவில்லை, பார்த்ததைச் சொன்னான். இவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று வாரம் மறுபடி இரட்டைப் பனியன். என்னிடமும் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை, கூப்பிட்டிருக்க வேண்டும்.

திரும்ப வந்தபோது ஆச்சிதான் நடந்ததைச் சொன்னார். தன் அப்பத்தாவைப் பற்றி இவரிடம் பேசினாராம். எங்கள் சிறுவயதில் ரவிக்கை போடாமல் கண்டாங்கி கட்டிய ஆச்சிகள் இருந்தார்கள். முறுக்குச் சுற்றும்போது மேல்கைத் தோல் ஊஞ்சலாடும். நாங்கள் அதைப் பிடித்து ஆட்டி விளையாடுவோம். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. "ஒங்க அப்பத்தா கையப் புடிச்சு நீங்க ஆட்டலையா?" என்று ஆச்சி கேட்க, இவரால் பதில் சொல்ல முடியவில்லையாம். நான் எத்தனை படிப்பு படித்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

பங்குனியில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில், சட்டையைக் கழற்றிக் கோயிலுக்குள் போய்வந்தார். தோளில் துண்டு. மறு வாரம் ஏழு மணிக்கு. எடை பிப்ரவரியில் 80-க்கு வந்து அங்கேயே நின்றது.

ஊர்க் கேள்விகளுக்கு ஒரே வரியில் பதிலைத் தயார் செய்தோம். நீட்டி விளக்கினால் அனுதாபம் வருகிறது, மழுப்பினால் சந்தேகம் வருகிறது. "மதுரையில ஆபரேஷன் பண்ணி 55 கிலோ எறக்கினேன், சுகர் நின்னுருச்சு, தோல்தான் மிச்சம்." கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாராம்.

வெற்று மார்பு பற்றிய கவலை மட்டும் போகவில்லை. மார்புதான் அவருக்கு வயிற்றைவிடப் பெரிய வெட்கம், ஏன் என்று அவர் சொல்லாமலே புரிந்தது. மே மாதம் வரை இதைச் சுற்றியே பேசினோம். சடங்கு செய்து வைக்கப்போகிறவரிடம் கேட்டீர்களா என்று ஒருநாள் தற்செயலாகக் கேட்டேன். கேட்கவில்லை. கேட்டபோது அவர் சொன்னது: "துண்டு மேல இருக்கட்டுமே, அதுக்கென்ன." ஒன்பது மாதக் கவலைக்கு வந்த பதில்.

சாந்தி நாள்

அழைத்திருந்தார்கள், போனேன். வளவு நிறையச் சொந்தம். ஹோமம் முடிந்து இருவரையும் மணையில் உட்கார வைத்தார்கள். அவருக்கு எட்டு முழ வேட்டி, உள்ளே தையல்காரரின் பட்டி, மார்பின் குறுக்கே அகலமான துண்டு. தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, மகனும் மருமகளும் முதலில், பிறகு முறைப்படி ஒவ்வொருவராகக் கும்பத் தண்ணீரை ஊற்றினார்கள்.

ஐந்தாறு செம்பு ஊற்றியதும் துண்டு நனைந்து கனத்து நழுவி மடியில் விழுந்தது. அவர் கை அதைப் பிடிக்கப் போய், பாதியில் நின்றது. ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், கண்ணைத் திறக்க முடியாத அளவு தண்ணீர். பக்கத்தில் ஆச்சி நனைந்த சேலையில் நடுங்கிக்கொண்டு சிரித்தார். துண்டு மடியிலேயே கிடந்தது. அவர் அதை விட்டுவிட முடிவெடுத்தாரா, அல்லது தண்ணீரில் ஒன்றும் செய்ய முடியவில்லையா என்பதை நான் கேட்டதில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பேர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். தயாரித்த வரியைச் சொன்னார். அதில் ஒருவர் மறுவாரம் என் கிளினிக்குக்கு வந்து, தன் பிஎம்ஐ எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்.

அறுவையும் அதன் பிறகும்

2024 நவம்பரில் வயிற்றுத் தோல் அறுவை நடந்தது. அப்போது எடை 79, ஹீமோகுளோபின் 12.9, புகையிலை விட்டு ஏழு மாதம். எடுத்த தோலும் கொழுப்பும் 3.2 கிலோ. "அம்புட்டுத்தானா?" என்பது அவர் முதல் கேள்வி, பத்துக் கிலோவாவது இருக்கும் என்று நினைத்திருந்தார்.

காப்பீடு மறுத்தது. தோற்றத்துக்கான அறுவைக்குப் பணமில்லை என்பது பொது விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின்னான சீரமைப்புக்கும், உடனடி உடல்நலக் கேட்டை நீக்கத் தேவை என்று மருத்துவர் சான்றளித்த சிகிச்சைக்கும் மட்டும் விதிவிலக்கு. புண்ணின் வரலாற்றை எழுதிச் சான்று கொடுத்தேன். புண் ஆறிவிட்டதே என்று பதில் வந்தது. ஐந்து வாரப் பராமரிப்பில் ஆற வைத்ததே எதிராகப் போயிற்று. முதல் நாளே புகைப்படம் எடுத்து வைத்திருந்தால் வாதாட ஏதாவது இருந்திருக்கும். இரண்டு லட்சத்துக்கு மேல் கைப்பணம் போனது.

வடிகுழாயை எடுத்த பிறகு தோலுக்கடியில் நீர் கோத்தது. இரண்டு முறை ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். இடது ஓரத்தில் தையல் ஒரு விரல் அளவு விட்டு, கட்டுப் போட்டே மூன்று வாரத்தில் மூடியது. ஆறு வாரம் இறுக்கு உடை, எட்டு வாரம் மூட்டை தூக்கத் தடை. முதல் பத்து நாள் குனிந்தே நடந்தார். இதெல்லாம் சர்ஜன் முன்பே சொன்னவைதான், என்றாலும் நீர் கோத்த அன்று ஆச்சி என்னிடம் தொலைபேசியில் அழுதார்.

2025 ஜூனில் கடைசியாக முழுமையாகப் பார்த்தேன். எடை 80. மடிப்புப் புண் திரும்பவில்லை. பிஎச்க்யூ-9 மதிப்பு 4. பட்டாலைப் படுக்கை பற்றி நான் கேட்கவில்லை. ஆச்சி தானாக, "இப்ப குறட்டை இல்ல, ஆனா போர்வைய இழுக்கிறாக" என்றார். மார்பும் கையும் தொடையும் அப்படியே தொங்குகின்றன. பம்ப்செட்டுக்குப் போகிறார். புகைப்படத்துக்கு மட்டும் இன்னும் முழுக்கைச் சட்டை.

என்ன மாற்றிக்கொண்டேன்

எடைக் குறைப்பு அறுவைக்கு அனுப்பும் ஒவ்வொருவரிடமும், அனுப்பும் நாளிலேயே தோலைப் பற்றிப் பேசுகிறேன். தொங்கும், எவ்வளவு என்று சொல்ல முடியாது, வயது கூடக் கூட அதிகம், எண்ணெயில் போகாது, எடை நின்று ஆறு மாதமாவது ஆன பிறகே அறுவை பற்றி யோசிக்கலாம், அதற்குப் பெரும்பாலும் காப்பீடு வராது. இதைக் கேட்டு இருவர் அறுவையைத் தள்ளிப்போட்டார்கள். அது எனக்குச் சங்கடம்தான். இருந்தாலும் தெரியாமல் போய் மாட்டுவதைவிட மேல்.

ஒவ்வொரு 10 கிலோ குறைவுக்கும் ஒருமுறை சட்டையைக் கழற்றிப் பார்க்கிறேன். ஆண்களைப் பார்க்க ஆண் செவிலியர் உடன் இருக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். மடிப்புப் புண் இருந்தால் அன்றே, சம்மதத்தோடு, புகைப்படம். எடை குறையும்போது மாத்திரைச் சீட்டையும் சேர்த்துக் குறைக்கிறேன். வராதவரை நானே தொலைபேசியில் கூப்பிடுகிறேன். நோட்டில் "மிக நன்று" எழுதுவதை விட்டுவிட்டேன். அதைப் பார்த்துப் பார்த்தே இந்த மனிதர் ஐந்து மாதம் என்னிடம் புண்ணைச் சொல்லாமல் இருந்தார் என்று பின்னால் தெரிந்தது. "நீங்க சந்தோஷமா எழுதுறீக, அதுல போயி இதச் சொல்லுவானேன்னு…" என்றார்.

சென்ற மாதம் பெருங்காயம் வாங்க அவர் கடைக்குப் போனேன். கல்லாவை விட்டு எழுந்து, மூட்டைகளுக்கு நடுவே உள்ளே போய் எடுத்து வந்தார். இருபுறமும் முழங்கை அகலத்துக்கு இடம் இருந்தது. அவர் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்.